நத்தைகுத்தியின் அலகு

அன்புள்ள அண்ணா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். போன ஆவணியில், சம்பாவுக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்த வயலில் ஒரு நத்தைகுத்தி நாரையை எடுத்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்தேன். தஞ்சாவூரில் பறவைப் படம் எடுப்பவர்கள் கூடிய இடத்தில் அதைக் காட்டியபோது மூத்தவர் ஒருவர், “இதுல பறவையே இல்ல தம்பி, சாஃப்ட்வேர்தான் இருக்கு” என்றார். பதினைந்து பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் இருபது நாளாகக் கேமராவைத் தொடவில்லை. ரா ஃபைலையும் (கேமரா பதிந்தபடியே, எதுவும் செய்யாத படம்) எடிட் செய்த படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னது சரியா? எவ்வளவு எடிட் செய்யலாம்? உங்கள் பதிலை மற்றவர்களும் படிக்கட்டும், என் பெயர் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டு படத்தையும் திறந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அந்தப் பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அலகு. உங்கள் ரா படத்தில் பறவை வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. மூடியும் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறது, அது வழியாகப் பின்னால் இருக்கும் சேறு தெரிகிறது. வளர்ந்த நத்தைகுத்திக்கு அதுதான் அடையாளம். குஞ்சுக்கு இந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். எடிட் செய்த படத்தில் அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. நீங்கள் வேண்டுமென்று அடைத்திருக்க மாட்டீர்கள். மேகம் மூடிய காலையில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, ஏற்றி எடுத்த படம், புள்ளி புள்ளியாக நாய்ஸ். அதை எடுக்க மென்பொருளை முழு அளவில் ஓட விட்டிருக்கிறீர்கள். தெரியாத இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிற மென்பொருள் அது. சாதாரண நாரைக்கு அலகு ஒட்டித்தானே இருக்கும், ஒட்டிவிட்டது. நத்தைகுத்தி என்ற பேருக்கே காரணமான அலகு போய்விட்டது. பெரியவர் “பறவையே இல்ல” என்றது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அலகைச் சுட்டிக்காட்டிச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இருபது நாள் வீணாகியிருக்காது.

அடுத்தது நிறம். ராவில் அதன் முதுகு புகைபிடித்த சுவர் மாதிரி சாம்பலாக இருக்கிறது. அழுக்கு என்று நினைத்துப் பால் வெள்ளையாக்கிவிட்டீர்கள். தம்பி, அது அழுக்கு இல்லை. கூடு கட்டும் காலத்தில் இந்தப் பறவை வெளுக்கும், மற்ற நாளில் இந்தச் சாம்பல்தான். பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தச் சாம்பலே மாதம் சொல்லும். ஆவணிச் சேற்றில், கூடு கட்டும் கோலத்தில் ஒரு பறவையை நிறுத்தினால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும்.

கோடியக்கரைப் பூநாரைப் படங்களிலும் இதே சங்கடத்தை வருடா வருடம் பார்க்கிறேன். பெரிய பூநாரை உடம்பு கிட்டத்தட்ட வெள்ளை, அதில் ஒரு லேசான ரோஸ் ஓடும். இறக்கையை விரித்தால்தான் சிவப்பும் கறுப்பும் தெரியும். உடம்பில் ரோஸ் அடர்ந்திருப்பது சிறிய பூநாரைக்கு, அதன் அலகும் கருஞ்சிவப்பு. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, இழுத்துப் பெரியதைச் சிறியதாக்கி, பெயரையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இளம் பூநாரைகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். தின்னும் இரையில் இருக்கும் நிறமிகள் உடம்பில் சேர்ந்துதான் அந்த ரோஸ் வருகிறது. பறவை வருடக்கணக்கில் தின்று சேர்க்கிற நிறத்தை நாம் ஒரு ஸ்லைடரில் ஏற்றிவிடக் கூடாது.

மூன்றாவது, எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. பறவைக்குப் பின்னால் டிராக்டர் சக்கரத் தடம் இரண்டு கோடாகப் போகிறது, தடத்தில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிகிறது. வலது ஓரத்தில் ஒரு உண்ணிக்கொக்கு பாதி. படத்தின் ஓரத்தை வெட்டி, அதாவது க்ராப் செய்து, கொக்கை வெளியேற்றியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் பக்கத்துச் சேற்றை நகலெடுத்து மேலே பூசி, அதாவது க்ளோன் செய்து, கொக்கையும் தடத்தையும் அழித்துவிட்டீர்கள். தடம் இருந்தால் காட்டுயிர்ப் படமாகாது என்று யாரோ சொன்னதாகக் படங்களோடு அனுப்பிய குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் போட்டோகிராஃபிச் சங்கமான பி.எஸ்.ஏ., உலகப் போட்டோகிராஃபிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபியாப், பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து 2014-இல் இயற்கைப் படத்துக்கு ஒரே வரையறையை ஏற்றுக்கொண்டன. க்ராப் தவிர எதையும் சேர்க்கவோ, நீக்கவோ, இடம் மாற்றவோ கூடாது என்பது அதில் அடிப்படை. மனிதன் சம்பந்தப்பட்டது தெரியக்கூடாது என்றும் அதில் உண்டு. ஆனால் மனிதன் மாற்றிய இடத்தில் வாழப் பழகிய உயிர் என்றால் தெரியலாம். அதற்கு உதாரணமாக அந்த 2014 வரையறையே சொன்னது கூகையையும் நாரையையும்தான். உங்கள் பறவையே அங்கே இருக்கிறது. டிராக்டர் புரட்டிப் போட்ட சேற்றில் நத்தை வெளியே வரும், பின்னாலேயே நாரை வரும். டெல்டாவில் இந்தப் பறவையின் கதையே அந்தத் தடம்தான்.

ஆராய்ச்சிக்காகப் பறவையின் காலில் மாட்டும் எண் போட்ட வளையத்துக்கும் அதே வரையறை இடம் கொடுத்தது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாகப் பறவை பிடித்து வளையம் மாட்டி விடுகிறார்கள். ஒருமுறை ஒரு நண்பர் உள்ளான் என்ற கரைப்பறவையின் படத்தை அனுப்பினார், காலில் ஒரு இடம் மட்டும் வழுவழு என்று இருந்தது. கேட்டேன். “வளையம் அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன்” என்றார். அந்த எண்ணைப் படித்திருந்தால் அது எங்கே, எப்போது பிடிபட்ட பறவை என்று தெரிந்திருக்கும். நல்லவேளை, ரா ஃபைல் வைத்திருந்தார். இப்போது நீங்களும் வைத்திருக்கிறீர்கள். அதை மட்டும் எந்தக் காலத்திலும் அழிக்காதீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியிலும் கடைசிச் சுற்றுக்கு வந்தவரிடம் ரா ஃபைலைக் கேட்டு வாங்கித்தான் பார்க்கிறார்கள்.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். எனக்கு எடிட்டிங் கற்றுக்கொடுத்த முதல் ஆள் ஒரு விவசாயி, திருவாரூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா. கேமராவைக் கையில் பிடித்தவர் இல்லை. பச்சை வயலில் மடையான் நிற்கிற படத்தைக் காட்டினேன். பறவையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “யாரு வயல்டா இது? யூரியாவத் தூக்கலாப் போட்டு வச்சிருக்கான், பூச்சி வுழுந்துரும்” என்றார். அது அவருடைய வயல்தான். நட்டு இருபது நாள் ஆன பயிர், அப்போதுதான் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நான் அதைக் கருநீலப் பச்சையாக்கி வைத்திருந்தேன். தன் வயலே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றிலிருந்து பச்சையைத் தொடும்போதெல்லாம் பெரியப்பா ஞாபகம் வரும். நாற்றங்கால் பச்சை வேறு, நட்ட பிறகு வெளுத்து நிற்கும் பச்சை வேறு, கதிர் வெளிவரும் சமயத்துப் பச்சை வேறு. இதெல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும்தான் மறந்துவிடுகிறது.

இன்னொருவர் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் கழுவிய தலைமுறை. என் கொக்குப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “வெள்ளைக்குள்ள இறகு எங்க?” என்று கேட்டார். ஒரே கேள்விதான், ஆனால் அடுத்த நாள் வயலில் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. ஈரச் சேறு கறுப்பு, கொக்கு வெள்ளை. கேமரா சேற்றைப் பார்த்து வெளிச்சம் பத்தவில்லை என்று கூட்டிக்கொள்ளும், கொக்கு வெந்துபோகும். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. அதனால் ராவில் இருட்டைத் தூக்க நிறைய இடம் உண்டு. ஆனால் வெள்ளை உச்சியைத் தொட்டு வெடித்துவிட்டால் அந்த இடத்தில் இறகே பதிவாகியிருக்காது, எந்த ஸ்லைடராலும் கொண்டுவர முடியாது. எனவே எடுக்கும்போதே வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள், வெளிச்சத்தை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். உங்கள் ராவில் வெள்ளை பத்திரமாக இருக்கிறது. வெடித்தது எடிட்டில்தான்.

இந்த இருவரும் என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பெரியப்பா பயிரைப் பார்த்தார், ஸ்டூடியோக்காரர் இறகைப் பார்த்தார். உங்கள் பெரியவரும் பறவையைத்தான் பார்த்திருக்கிறார், உங்களை அல்ல. பதினைந்து பேர் நடுவில் சொன்னது தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் தனியாகப் போய் ரா படத்தை மட்டும் காட்டி, “இதில் நீங்கள் எதைத் தொடுவீர்கள், எதைத் தொட மாட்டீர்கள்?” என்று கேளுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றோ “சரியில்லை” என்றோதான் பதில் வரும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017), இந்தியக் காட்டுயிர்ப் படக்காரர்களில் முன்னோடி, ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் கற்றவர். பிறகு அவரே பலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். இந்தக் கலை நம்மிடம் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

எவ்வளவு எடிட் செய்யலாம் என்று கேட்டீர்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். வெளிச்சம், நிழல், வெள்ளைச் சமன், க்ராப், சென்சார் தூசி, அளவான ஷார்ப்பன். நாய்ஸைப் பின்னணியில் மட்டும் எடுப்பேன், அலகிலும் கண்ணிலும் இறகிலும் கை வைக்க மாட்டேன். ராத்திரி வேலை செய்தால் காலையில் பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்க்காமல் யாருக்கும் அனுப்ப மாட்டேன். இருட்டு அறையில் திரை பளிச்சென்று தெரியும், கை தப்பாகத்தான் போகும். உங்கள் மூன்று ராத்திரியும் அப்படிப் போனதுதானோ என்று தோன்றுகிறது.

உங்கள் ராவை நானும் ஒருமுறை செய்து பார்த்தேன், பத்து நிமிடம் ஆனது. இத்துடன் அனுப்புகிறேன். தடத்தை விட்டிருக்கிறேன், சாம்பலை விட்டிருக்கிறேன். நல்ல படம் தம்பி. முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது: பறவையின் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு நத்தை ஓடு. உங்கள் எடிட்டில் அது மண்கட்டியாகிவிட்டது. ராவில் ஓட்டின் சுற்றைக்கூட எண்ணலாம், எங்கேயும் உடையவில்லை. நத்தைகுத்தி பெரும்பாலும் ஓட்டை உடைக்காமல் அலகு நுனியை விட்டுச் சதையை மட்டும் இழுத்துவிடும். அப்படியானால் அது தின்று முடித்துப் போட்ட ஓடா, இனிமேல்தான் எடுக்கப்போகிறதா? இந்தப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்தவை இருந்தால் எல்லாவற்றையும் அனுப்புங்கள். எடிட் செய்யாமல்.

அன்புடன்,
அண்ணன்