தங்கமீன் தொட்டியில் எந்த உயிர்ச்செடி நிலைக்கும்?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டு தங்கமீன் வளர்க்கிறேன். எந்தச் செடி வைத்தாலும் தின்றுவிடுகின்றன, இல்லையென்றால் பிடுங்கி மிதக்க விடுகின்றன. எதைத்தான் வைப்பது?

பதில்:

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இந்த இரண்டையும் வாங்குங்கள். ஆனால் மண்ணிலோ சரளைக்கல்லிலோ நடாதீர்கள்.

ஈசூனில் எங்கள் வீட்டுத் தொட்டிக்கு நான் முதலில் வாங்கியது கபோம்பா. பச்சைப் பஞ்சு மாதிரி அவ்வளவு அழகு. இரவு நட்டேன், காலையில் வெறும் காம்புதான் நின்றது. மீனைக் குறை சொல்ல முடியாது. தங்கமீன் கெண்டை இனம். சரளையை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பி இரை தேடுவது அதன் பிறவிக்குணம். மென்மையான இலையென்றால் அதற்குக் கீரைதான்.

அனுபியாஸ் இலை தோல் போலத் தடித்தது. ஜாவா ஃபெர்னையும் பெரும்பாலான மீன்கள் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இரண்டுக்கும் இஞ்சி போல ஒரு கிடைத்தண்டு உண்டு. அதைப் புதைத்தால் அழுகிவிடும். மீன் புரட்ட முடியாத கனமான கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள். நூல் மட்கிப் போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வைத்த சில வாரங்களில் பழைய இலைகள் பழுத்து உதிரலாம். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கிறார்கள், அதனால்தான். தண்டு கெட்டியாக இருந்தால் பொறுத்திருங்கள், புது இலை வரும்.

கடையிலிருந்து வந்த செடியை நேரே தொட்டியில் போடாதீர்கள், நத்தை முட்டை ஒட்டியிருக்கும். தேக்கா வட்டாரக் கடையில் படிகாரம் வாங்கி, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு நாள் ஊறவைத்து நன்றாக அலசிவிடுவேன். அதற்கு மேல் வாளியில் வைத்திருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு வாளி போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரமின் (கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் சேர்மம்) இருக்கிறது. இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது. குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம் கலக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். செடி இருக்கிறதே என்று ஏர் பம்பை நிறுத்த வேண்டாம். விளக்கு அணைந்ததும் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் வீட்டுத் தண்ணீர் அந்த 30-ஐ ஒட்டியே இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் போதும். அதிகமானால் அனுபியாஸ் இலையில் பாசி படியும்.

சில மாதம் கழித்து ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள். அவை விதைத்தூள் பைகள். இலை நுனியில் குட்டிச் செடிகளும் முளைக்கும். இரண்டு விரல் நீளம் வந்ததும் கிள்ளி, அடுத்த கல்லில் கட்டுங்கள்.