ஆங்கிலக் கிராமங்கள்: நீங்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்தவையும்

அப்பாவுக்கு டாக்டர் வேலை கிடைத்து, 1971 இலையுதிர் காலத்தில் நாட்டிங்ஹம்ஷயரில் ஒரு சின்னக் கிராமத்தில் வந்து இறங்கினோம். அப்போது எனக்கு ஆறு வயது. வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இருபது வருஷமாக கவுண்டி ஆவணக் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் சம்பளமில்லாமல் பழைய காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறேன். என் தகுதி இவ்வளவுதான். கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

அக்கா, கதைகளில் 'மேனர்' என்று வந்தால் ஜமீன் பங்களா என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானா? (கல்லூரி மாணவர், சென்னை)

பாதி சரி, தம்பி. பங்களாவுக்குப் பெயர் மேனர் ஹவுஸ். மேனர் என்பது நிலமும், அந்த நிலத்து ஆட்கள் மேல் இருந்த உரிமையும் சேர்ந்தது. பிரபுவின் சொந்தப் பண்ணை, குடியானவர்கள் உழுத வயல், பொது மேய்ச்சல், காடு, மாவு அரைக்கும் ஆலை, எல்லாவற்றுக்கும் ஒரு நீதிமன்றம். ஒரே ஊரில் இரண்டு மூன்று மேனர் இருக்கும். ஒரே மேனர் நாலு ஊரில் சிதறியும் கிடக்கும். அதனால் 'எங்கள் ஊர் மேனர் எது' என்று கேட்டால், பல ஊர்களில் ஒற்றைப் பதில் கிடைக்காது.

நிலத்தோடு கட்டுண்ட குடியானவனை 'வில்லீன்' என்பார்கள். வாரத்தில் இத்தனை நாள் என்று பிரபுவின் வயலில் வெட்டிவேலை செய்ய வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். அவன் செத்தால் கொட்டிலில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபுவின் ஆள் ஓட்டிக்கொண்டு போவான். நம் சினிமா 'வில்லன்' இந்தச் சொல்லின் வாரிசுதான். மாட்டைப் பறிகொடுத்தவன் எப்படிக் கெட்டவன் ஆனான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நிலம் கைமாறினால் மேனர் நீதிமன்றச் சுருளில் எழுதி, அந்தப் பதிவின் நகலைக் குடியானவரிடம் கொடுப்பார்கள். அந்த நகல்தான் பத்திரம். அதனாலேயே அந்த உரிமைக்கு 'காப்பிஹோல்டு' என்று பெயர் வந்தது. 1922இல் சட்டம் போட்டு, 1926 ஜனவரி 1 முதல் ஒழித்தார்கள். நான் சின்ன வயதில் பார்த்த தாத்தா பாட்டிகள் பிறந்தபோது அது நடைமுறையில் இருந்தது.

அந்தக் காலத்து வயலோ நீதிமன்றமோ இன்றைக்கும் எங்காவது இருக்கிறதா? (லெஸ்டரிலிருந்து ஒருவர்)

லாக்ஸ்டனுக்குப் போங்கள். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள், நடுவில் வேலி கிடையாது. விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் மூன்றிலும் துண்டு துண்டாக நிலம். வருஷத்துக்கு ஒரு வயல் தரிசு. நவம்பர் கடைசியில் மேனர் நீதிமன்றத்தின் ஜூரிகள் டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். இறங்கிப் பார்த்து, எல்லைகளில் முளைக்குச்சி அடிப்பார்கள். பொதுப் பாதைக்குள் யாராவது ஒரு சால் கூடுதலாக உழுதிருந்தால் அடுத்த வாரம் அந்த நீதிமன்றத்தில் அபராதம். சின்ன வயதில் இதைப் பள்ளிப் பேருந்து ஜன்னலில் பார்த்திருக்கிறேன். குளிரில் பெரியவர்கள் ஏன் குச்சியோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

மற்ற ஊர்களில் இது போனதற்குக் காரணம் வேலியடைப்புச் சட்டங்கள், அதாவது திறந்த வயலையும் பொது மேய்ச்சலையும் பிரித்துத் தனியார் நிலமாக வேலி போட வைத்த சட்டங்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200க்கு மேல் நிறைவேற்றியது. அப்படி வேலிக்குள் போனது 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். பொது மேய்ச்சலில் ஒரு பசு வைத்திருந்த ஏழைக்கு, வேலி வந்த மறுநாள் பசுவும் போயிற்று.

வேலிக்கு முந்திய உழவின் தடம் புல்வெளிகளில் இன்னும் இருக்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதோ லேசாகப் பனி பெய்தபோதோ பாருங்கள், நிலம் மேடும் பள்ளமுமாக வரிவரியாகத் தெரியும். வரிகள் நேராக இருக்காது, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் வளையும். எட்டு மாடு பூட்டிய ஏரை வயல் கோடியில் திருப்ப இடம் வேண்டுமே, அந்த வளைவு. ஓர் ஏர் ஒரு நாளில் உழுவதைத்தான் ஏக்கர் என்றார்கள். நாம் தினமும் சொல்கிற அதே ஏக்கர்.

ஊர்ப் பெயர்களின் முடிவைப் பார்த்தே வரலாறு சொல்லலாமாமே? (பெயர் போட வேண்டாம் என்றவர்)

ஓரளவுக்கு. 'பி', 'தார்ப்' என்று முடிந்தால் டேனியர்கள் கால் வைத்த இடம். ஸ்டோக் மாண்டவில், மெல்ட்டன் மோப்ரே மாதிரி வால் இருந்தால், அது 1066இல் பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்களில் ஒரு குடும்பத்தின் பெயர். நமக்கு மட்டும் ஒரு தனிக் குழி உண்டு. நார்தாம்ப்டன், ஸ்விண்டன் இரண்டையும் தமிழில் 'டன்' என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது 'ton', பண்ணை; இரண்டாவது 'don', குன்று. ஸ்விண்டன் என்றால் பன்றிக் குன்று! இன்றைய எழுத்தை வைத்து ஊகிக்காமல், 1086இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதில் 13,418 இடங்கள் இருக்கின்றன.

நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம் அக்கா. '1690' என்று கல்லில் செதுக்கியிருக்கிறது. வரலாற்றை எங்கே தொடங்குவது? (ஐடி வேலையில் இருக்கும் தம்பதி)

கல்லை நம்பாதீர்கள். வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்து பதித்ததாகவும் இருக்கலாம். எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாக இருக்கின்றன. அடுத்து 1910 வாக்கில் நிலவரிக்காக வீடு வீடாக மதிப்பிட்ட கள ஏடுகள். எத்தனை அறை, கூரை எப்படி என்றுகூட எழுதியிருப்பான். அவை லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதற்கும் பின்னால் 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக வரைபடங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று சர்ச்சுக்கு என்றிருந்ததைப் பணமாக மாற்றியபோது போட்ட கணக்கு அது. ஆனால் உங்கள் பக்கம் வேலியடைப்போடு சேர்த்தே தசமபாகத்தைத் தீர்த்துவிட்ட ஊர்கள் நிறைய. அப்படியிருந்தால் வேலியடைப்பு வரைபடத்தைத் தேடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் ஆள் பெயர்கள் முறையாகக் கிடைக்கும். கிராமத்தில் கதவு எண் கிடையாது, அதனால் கணக்கெடுத்தவன் எந்தப் பக்கமாக நடந்தான் என்று சர்ச் கட்டடத்தையும் மதுக்கடையையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 1931 கணக்கைத் தேடி வீணாகாதீர்கள், 1942இல் தீயில் போயிற்று. மேனர் சுருள்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் 1733 வரை பெரும்பாலும் லத்தீன்.

உங்கள் சின்ன வயது கிராமம் எப்படி இருந்தது ஆன்ட்டி? (பத்தாம் வகுப்பு மாணவி, ஹாரோ)

பால் வாடை, கண்ணு. பள்ளியில் குழந்தைகளுக்கு மூன்றில் ஒரு பைண்ட் பால், சின்னக் கண்ணாடிப் புட்டியில். நாங்கள் வந்த அந்தச் செப்டம்பரில்தான் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு அதை நிறுத்தியிருந்தது. எனக்கு உண்டு, ஒன்பது வயது அக்காவுக்கு இல்லை. அவளுக்கு அழுகை. எனக்கோ அந்தப் பாலே பிடிக்காது. குளிர்காலத்தில் புட்டிகளை ஹீட்டர் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள், வெதுவெதுவென்று மேலே ஆடை கட்டி நிற்கும். சர்க்கரையும் இல்லாமல் அதை ஸ்ட்ராவில் குடிக்க வேண்டும். கொடுமை.

ஞாயிறுகளில் கிளம்பர் பூங்காவுக்குப் போவோம். இரண்டு மைல் நீளத்துக்கு இருபுறமும் இரட்டை வரிசை மரங்கள், ஏரி, கோபுரம் வைத்த சர்ச். முதல் தடவை அப்பாவிடம் 'வீடு எங்கே?' என்று கேட்டேன். மரம் நட்டு வழி போட்டால் கடைசியில் வீடு இருக்க வேண்டுமே. 1938இல் இடித்துவிட்டார்கள். வாரிசு வரி, வேலையாள் சம்பளம், ஒழுகும் கூரை. 1955 வாக்கில் ஐந்து நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த மாதிரிப் பிரபு மாளிகைகள் இடிபட்டன. இடித்தது சரியா தப்பா என்று இங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் விடிகாலை பாத்திரம் தேய்த்த பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது என் கேள்வி.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 91 வயது. போருக்குப் பயந்து லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தையாக இந்த ஊருக்கு வந்தவர். நிறையச் சொல்கிறார், ஆனால் வருஷங்கள் ஒட்டவில்லை. 1939இல் வந்தேன் என்கிறார், இறங்கியபோது முழங்கால் அளவு பனி என்கிறார். எதை நம்புவது அக்கா? (செவிலியர், சஃபோக்)

பனியை நம்புங்கள். வருஷத்தைச் சந்தேகப்படுங்கள். குழந்தைகளை அனுப்பத் தொடங்கியது 1939 செப்டம்பர் 1. மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேர், குழந்தைகள் கோட்டில் பெயர்ச்சீட்டும் தோளில் வாயு முகமூடிப் பெட்டியுமாக. ஆனால் குண்டு எதுவும் விழவில்லை என்று கிறிஸ்துமஸுக்குள் ஏராளமானவர்களைப் பெற்றோர் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி அனுப்பினார்கள். 1940 ஜனவரியில் கடுங்குளிர். பாட்டி இரண்டு தடவை வந்திருப்பார், அல்லது பண்டிகைக்குப் போய்த் திரும்பியிருப்பார். இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. ஊர்ப் பள்ளியின் லாக் புக்கைக் கேட்டுப் பாருங்கள். 1860களிலிருந்து தலைமை ஆசிரியர்கள் எழுத வேண்டியிருந்த குறிப்பேடு அது. 'உருளைக்கிழங்கு எடுக்கப் போனதால் பாதி வகுப்பு காலி' என்பது முதல் லண்டன் பிள்ளைகள் வந்தது வரை அதில் இருக்கும்.

குழந்தை நினைவை இந்த நாட்டுக் கிராமங்கள் ஒரு காலத்தில் பத்திரமாகவே வைத்திருந்தன. வரைபடம் இல்லாத காலத்தில், வசந்தத்தில் ஊரே கிளம்பி எல்லையைச் சுற்றி நடக்கும். சிறுவர்களைக் கூட்டிப்போய் ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் தலையை முட்டவைப்பார்கள், அல்லது வில்லோ குச்சியால் ரெண்டு போடுவார்கள், பிறகு காசோ பன்னோ கொடுப்பார்கள். அறுபது வருஷம் கழித்து வழக்கு வந்தால், 'இந்தக் கல்தான், இங்கேதான் அடிபட்டேன்' என்று சொல்ல ஓர் ஆள் உயிரோடு வேண்டுமல்லவா. யாருக்குமே நினைவில்லாத காலம் எது என்பதற்கும் சட்டத்தில் தேதி உண்டு: 1189 செப்டம்பர் 3. அதற்கு முன்னால் இருந்து வரும் வழக்கம் என்றால் கேள்வி கிடையாது.

கவனியுங்கள், அந்தச் சிறுவர்களை 'எப்போது' என்று யாரும் கேட்கவில்லை. எந்த இடம் என்றுதான் கேட்டார்கள். பாட்டியிடமும் அப்படியே கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து எந்த வழியாக நடந்தீர்கள், கதவு எந்தப் பக்கம் திறந்தது, விறகு எங்கே அடுக்கியிருந்தது. முடிந்தால் ஒரு காகிதத்தில் படம் போடச் சொல்லுங்கள்.

டார்செட் போகிறோம். டைனம் என்ற பேய்க் கிராமத்தைப் பார்க்கலாமா? (குடும்பத்தோடு சுற்றுபவர்)

பேய் ஒன்றும் இல்லை. 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக 225 பேரைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடுகளையும் சர்ச் கட்டடத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி சர்ச் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப விடவே இல்லை. பள்ளிக்கூடத்தை அவசியம் பாருங்கள். ஆனால் அதை ராணுவம் மூடவில்லை, பிள்ளைகள் போதாமல் 1932லேயே மூடிவிட்டார்கள். பயண வழிகாட்டிகள் இதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள். துப்பாக்கிப் பயிற்சி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

'லார்டு ஆஃப் தி மேனர்' பட்டம் விலைக்கு வருகிறதாமே, வாங்கினால் நான் பிரபுவா? (ஸ்லவ்வில் கடை வைத்திருப்பவர்)

இல்லை அண்ணா. கடைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பெயருக்கு முன்னால் 'லார்டு' வராது, பிரபுக்கள் சபையில் இடமும் கிடையாது.

நம் ஊர்ப் பணத்தில் வாங்கிய மேனர் ஏதாவது உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்)

உண்டு ஐயா. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், சென்னையில் ஒரு பட்டை தீட்டாத வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் அதை பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்று, அதே ஆண்டு கார்ன்வாலில் போகனாக் பண்ணையை வாங்கினார். அதற்கும் முன்பே, 1691இல், ஓல்டு சேரமை வாங்கியிருந்தார். ஆளில்லாத மேடு, ஆனால் இரண்டு எம்.பி. அனுப்பும் உரிமை அதற்கு 1832 வரை இருந்தது. பிற்பாடு பிரதமரான பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்த மேட்டின் வழியாகத்தான்.

அக்கா, மறுபடியும் சஃபோக் செவிலியர். நேற்று மாலை கேட்டேன். வருஷம் கேட்காமல் வழி மட்டும் கேட்டேன். மளிகைச் சீட்டின் பின்புறம் படமே போட்டுவிட்டார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு குளம் வரைந்திருக்கிறார், இப்போது அங்கே வீடுகள்தான்.

1900 வாக்கில் வந்த, ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் சர்ச்சின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குளம் இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். அந்த மளிகைச் சீட்டு வெயிலில் மங்கும், இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பேசும்போது போனில் ஒலிப்பதிவு செய்யச் சம்மதம் கேளுங்கள். போனை வெறும் மேசையில் வைக்காதீர்கள், ஒரு துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் பாட்டியின் தேக்கரண்டிச் சத்தம்தான் பதிவாகும்.