நெஞ்சுவலி மாத்திரை: முதலில் உட்காருங்கள்

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை பற்றி மொரீஷியஸ் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, இதய நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் செவிலியர் அக்காவின் பதில்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு மகள்: எப்படி வைப்பது என்று சொன்னால் அப்பா தலையாட்டுகிறார். புரிந்ததா என்று தெரியவில்லை, அக்கா.

தலையாட்டினால் விட்டுவிடாதே, அம்மா. "இப்போ வலிக்குதுன்னு வெச்சுக்குங்க, என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்கப்பா" என்று கேள். எழுந்து நின்று மாத்திரையைத் தேடுவார், தண்ணீரோடு விழுங்குவதுபோல் காட்டுவார். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். விழுங்கினால் கல்லீரல் மருந்தில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் கரைந்தால்தான் நேரே ரத்தத்தில் சேரும். வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயை நனைக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் உட்கார வேண்டும். இந்த மருந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் அழுத்தம் சட்டென்று இறங்கும், நின்றிருப்பவர் மயங்கி விழலாம். வலி போனதும் உடனே எழவும் விடாதே. வாரம் ஒருமுறை செய்து காட்டச் சொல். அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், வலி வரும் நேரத்தில் கூட இருப்பது அவர்தானே.

போர்ட் லூயிஸ்: மூன்று மாத்திரை வைத்துப் பார்த்த பிறகுதானே ஆம்புலன்ஸ்?

இல்லை ஐயா. முதல் மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் உடனே 114-ஐ அழையுங்கள். சாமு (அவசர ஆம்புலன்ஸ்) வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக, மொத்தம் மூன்று வரை வைக்கலாம். தலை சுற்றினால் அடுத்ததை வைக்காதீர்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். "அசிடிட்டியா இருக்கும்" என்று காத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. மருத்துவமனைக்கு நீங்களே கார் ஓட்டிப் போகவும் வேண்டாம்.

மாத்திரையைச் சட்டைப்பையில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன். சரியா?

சரியில்லை. நைட்ரோகிளிசரின் ஆவியாகிப் போகும், பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சும். வந்த கண்ணாடிப் புட்டியிலேயே, மூடியை இறுக்கி, உடம்புச் சூடு படாமல் வையுங்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். எப்போது மாற்றுவது என்று மருந்துக் கடையில் கேளுங்கள்.

வைத்ததும் தலை வலிக்கிறது.

தலையில் உள்ள குழாய்களும் விரிவதால் வருவது. பாராசிட்டமால் போதும். இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பெயர் வேண்டாம்: கணவர் ஆண்மைக்கான மாத்திரையும் எடுக்கிறார். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்.

நீங்கள் கேட்டதே பெரிய உதவி, தங்கச்சி. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழலாம். சில்டெனாஃபில் எடுத்திருந்தால் குறைந்தது 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரோகிளிசரின் கூடாது. அதற்குள் நெஞ்சு வலித்தால் நாக்கடியில் எதையும் வைக்காமல் 114 அழைத்து, எந்த மாத்திரை, எப்போது எடுத்தார் என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் எல்லா ஆண்களிடமும் கேட்கும் கேள்விதான் இது.

கத்ர் போர்ன்: தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து கோர் த கார்ட் மலைக்கோயில் ஏற ஆசை. முன்கூட்டியே ஒரு மாத்திரை வைத்துக்கொள்ளலாமா?

வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு 5 நிமிடம் முன்னால் வைக்கச் சொல்லி டாக்டர் சிலருக்கு எழுதுவது உண்டு. ஆனால் காவடிக்கு அது பொருந்தாது, ஐயா. ஜனவரி வெயிலும் விரதமும் சேர்ந்து உடம்பு ஏற்கனவே நீர் வற்றிக் கிடக்கும், மாத்திரை அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும். விரதம் தொடங்கும் முன்னரே இதய டாக்டரைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் மகன் எடுக்கட்டும். நீங்கள் அடிவாரத்தில் இருந்து முருகனைக் கும்பிடலாம்.

மாத்திரைக்குப் பதில் தரும் நைட்ரோகிளிசரின் ஸ்பிரேயைப் பூஜை அறையில் வைக்கலாமா?

கூடாது. அது தீப்பற்றக்கூடியது. விளக்குக்கும் கற்பூரத்துக்கும் எட்டாத, எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வையுங்கள். நாக்குக்கு அடியில் அடிக்க வேண்டும், மூச்சோடு உள்ளே இழுக்கக் கூடாது.