முதலில் ஆய்வகம், அப்புறம் தலைப்பு

கேள்வி: ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் எங்கள் ஊர். கோவையில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டேன். மூளை, நரம்பு பற்றிய நியூரோசயின்ஸில் பி.எச்டி. செய்ய ஆசை. அப்பா மஞ்சள் விவசாயி. 'மஞ்சளும் மறதி நோயும்' என்று தலைப்புகூட மனதில் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடனே சேர்த்துக்கொள்கிறார்கள், உதவித்தொகை கிடையாது. வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது. சேர்ந்துவிடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: காத்திருங்க அம்மிணி. ஒரு வருஷம் போதும். அந்த ஒரு வருஷத்தில் செய்ய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் மஞ்சளைப் பேசிவிடுவோம். நானும் மஞ்சள் வேகும் வாசத்தில் வளர்ந்தவன்தான். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் உங்கள் தலைப்பைத்தான் பிடித்தேன். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமினைக் கொடுத்த எலியின் மூளைச் சீவலை ஒளிர் நுண்ணோக்கியில் வைத்தால் பச்சைப் பசேலென்று மின்னியது. நான் போட்ட ஒளிரும் சாயம் ஒட்டிக்கொண்டது, தேடிய புரதம் அகப்பட்டுவிட்டது என்று இரண்டு மாதம் படம் படமாக எடுத்து வைத்தேன். ஒரு நாள் சீனியர் அக்கா கேட்டார்: "சாயமே போடாம, குர்குமின் மட்டும் இருக்கிற சீவலைப் பாத்தியா?" பார்த்தேன். அதே பச்சை. குர்குமின் தானாகவே ஒளிரும் பொருள்.

தொல்லை அதோடு நிற்காது. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. நம் உடம்புக் கரைசலில் சீக்கிரம் சிதைந்துபோகும். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். பல வேதிச் சோதனைகளில் குறுக்கே புகுந்து, வேலை செய்வதுபோலவே காட்டும். அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களிடம் செய்த ஆரம்பச் சோதனைகளிலும் நினைவாற்றல் கூடியதாகத் தெரியவில்லை. இத்தனையும் தெரிந்த பிறகும் அதில் நல்ல கேள்வி ஒன்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக இறங்குங்க. ஆனால் அந்த அக்கா கேட்டது மாதிரி கேட்க ஆள் இருக்கும் ஆய்வகத்தை முதலில் பிடியுங்க. தலைப்பு அங்கே போய் உட்கார்ந்த பிறகு வரும்.

மூளை ஆய்வு பெரும்பாலும் கைப்பழக்கம். ஒரு நரம்பு செல்லின் மின்சாரத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் வேலையையே எடுத்துக்கொள்ளுங்க. மூளையை 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் உயிரோடு வைக்க வேண்டும். ஒரு மைக்ரான் அளவே வாய் உள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் கொண்டுபோய், மெல்ல உறிஞ்சி ஒட்ட வைக்க வேண்டும். சீவல் தாங்குவது சில மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் ஓர் உயிரை வீணடித்தோம் என்றுதான் அர்த்தம். தறிக்குழியில் பக்கத்தில் உட்கார்ந்து நெசவு பழகுகிற மாதிரி, இதைப் பக்கத்தில் இருந்து பழக வேண்டும்.

ஆகவே அந்தக் கல்லூரிக்கு நேரில் போங்க. டீ குடிக்கிற இடத்தில் மாணவர்களிடம் விசாரியுங்க. கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருஷம் ஆனது? விலங்குச் சோதனைக்கான நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா? நுண்ணோக்கியை மாணவர்களே தொடுகிறார்களா, வெளியே காசு கொடுத்துப் படம் எடுத்து வருகிறார்களா? பதிலில் இழுவை இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்க.

உதவித்தொகை இல்லாமல் சேராதீங்க. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அப்பாவின் மஞ்சள் காசு ரசாயனம் வாங்கப் போகக் கூடாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் லைஃப் சயின்சஸ் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000; வீட்டு வாடகைப்படி தனி. 200 மதிப்பெண்ணில் 100 'சி' பகுதிக்கு. சோதனை முடிவுகளைப் பார்த்து யோசிக்கத் தெரிந்தால்தான் அது வசப்படும். 'பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று இப்போது ஒரு தகுதியும் தருகிறார்கள். அதில் காசு வராது, கவனம்.

இடம்? மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யின் நியூரோசயின்ஸ் மையம், உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். மூன்றும் பெங்களூரில்தான், காலையில் ஈரோட்டில் ரயில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். மூளை ஆய்வுக்கென்றே இருக்கும் என்.பி.ஆர்.சி. ஹரியானாவின் மானேசரில். கம்ப்யூட்டரிலும் கணக்கிலும் ஈடுபாடு இருந்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை மையத்தைப் பாருங்க. ஊரைவிட்டுப் போகவே முடியாதென்றால் கோவை பாரதியார் பல்கலையின் விலங்கியல், மனித மரபியல் துறைகளில் விசாரிக்கலாம். அங்கேயும் இதே கேள்விகள்தான்.

கல்யாணப் பேச்சுக்கு ஒரு விவரம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருஷம், கூடியது 6. பெண்களுக்கு மேலும் 2 வருஷ நீட்டிப்புக்கு வழி உண்டு. 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது அப்பா இதை முதலிலேயே சொல்லிவிடட்டும்.

இந்த வாரமே ஐந்து ஆய்வகங்களுக்கு மெயில் போடுங்க. ஒவ்வொருவரின் கட்டுரையிலும் ஒன்றை முழுதாகப் படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேட்டு, ஆறு மாதம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இடம் இருக்கிறதா என்று எழுதுங்க. ஐந்தில் ஒருவர் பதில் போட்டாலும் கிளம்பிவிடுங்க. பக்கத்துக் கல்லூரியில் கட்டணம் கட்டுவதை நெட் ரிசல்ட் வரும்வரை தள்ளி வையுங்க.