ரிங்கு 2 பார்க்கலாமா? நீச்சல் குளம் வரும்வரை தாராளமாக

'ரிங்கு' என்ற ஜப்பானியப் பேய்ப்படத்தின் முதல் பாகத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன், இரண்டாம் பாகம் அந்த அளவுக்கு இல்லை என்கிறார்களே, பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியிலேயே தெரிகிறது, நீங்கள் அணைத்து வைத்த டிவிக்கு நேராக இன்னும் உட்காரவில்லை. உட்கார வேண்டாம், அவசரமில்லை. கதை தெரியக் கூடாது என்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள். பிறகு வந்து திட்டக் கூடாது.

2005இல் நான் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் இருந்தேன். ஒரு ரூம், மூன்று பேர், ஒரு ஃபேன். காசு சேர்த்து வாங்கிய 14 இன்ச் பழைய டிவி. முதல் பாகத்தைப் பார்த்த ராத்திரி அந்த டிவி மேல் லுங்கியைப் போர்த்திவிட்டுத்தான் படுத்தோம். மறுவாரம் பர்மா பஜாரில் போய் "ரெண்டாவது பார்ட் குடுங்க" என்றேன், கொடுத்தார்கள். போட்டால் எல்லாம் பிணப் பரிசோதனை, வைரஸ், மரபணு. சடாகோ, அதாவது கிணற்றில் தள்ளப்பட்டு, முதல் பாகத்தில் டிவிக்குள்ளிருந்து ஊர்ந்து வந்த பேய், அவளுடைய சாபம் ஒரு நோய்க்கிருமி மாதிரி பரவுகிறது என்று கதை போகிறது. எட்டுப் பேர் கூடியிருந்த ரூமில் என் மானம் போயிற்று.

பிறகுதான் புரிந்தது, இந்தப் படத்துக்கு இரண்டு இரண்டாம் பாகங்கள் உண்டு. முதல் படத்துக்கு மூலமான கோஜி சுஸுகியின் நாவல் வரிசையில் அடுத்ததான 'ராசென்' என்பதைப் படமாக்கி, முதல் படத்தோடு சேர்த்தே 1998 ஜனவரி 31 அன்று ஜப்பானில் வெளியிட்டார்கள். 'ரிங்கு' ஓடோ ஓடென்று ஓடியது, 'ராசென்' ஊத்திக்கொண்டது. தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்படி ஒரு படமே வராத மாதிரி, நாவலில் இல்லாத புதுக் கதை ஒன்றைத் திரைக்கதையாசிரியர் ஹிரோஷி தகஹாஷியிடம் எழுதி வாங்கி, அதே ஹிதேயோ நகாதாவை இயக்க வைத்து 1999 ஜனவரியில் 'ரிங்கு 2' என்று கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். 2005இல் வந்த அமெரிக்க ரீமேக்கின் இரண்டாம் பாகத்தையும் நகாதாதான் இயக்கினார், ஆனால் அது வேறு கதை. மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

நாவல் ரசிகர்கள் 'ராசென்' எவ்வளவு ஆழமானது என்று விளக்க வருவார்கள். ஆழமாகவே இருக்கட்டும், எனக்குப் பேய்தான் வேண்டும். என் குறையே வேறு. விஞ்ஞான விளக்கம் சொன்ன படத்தை ஓரங்கட்டிவிட்டு எடுத்த படத்திலும் கடைசியில் விஞ்ஞானம்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது! சாபம் ஒரு சக்தியாம், தண்ணீர் அதை இழுத்துக்கொள்ளுமாம். அதற்காக ஒரு டாக்டர் நீச்சல் குளத்துப் பக்கத்தில் சின்னப் பையன் யோயிச்சியை உட்காரவைத்து வயர் மாட்டி மிஷின் ஓட்டுகிறார். முதல் படத்தில் ஏழு நாள், ஒரு போன், ஒரு கேசட். கேசட்டைப் பார்த்தால் போன் வரும், ஏழாம் நாள் சாவு. பிழைக்க வேண்டுமா, நகல் எடுத்து இன்னொருவருக்குப் போட்டுக்காட்டு. கணக்கு எவ்வளவு சுத்தம்! இதில் யாருக்கு எப்போது என்ன ஆகும் என்ற கணக்கே கலங்கிவிடுகிறது. முதல் படத்தின் நாயகி, யோயிச்சியின் அம்மா ரேய்கோவையும் நடுவில் லாரியில் அடிபடவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவள் பட்ட பாட்டுக்கு இந்த முடிவு நியாயமில்லை.

ஆனால் மோசமான படம் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆரம்பத்திலேயே ஒரு தகவல் வருகிறது பாருங்கள். கிணற்றில் எடுத்த உடலைப் பரிசோதித்தவர்கள், சடாகோ விழுந்த அன்றே சாகவில்லை, கிட்டத்தட்ட 30 வருஷம் உள்ளேயே உயிரோடு இருந்திருக்கிறாள் என்கிறார்கள். இதைச் சொல்ல ரத்தமோ அலறலோ கிடையாது, சாதாரணப் பேச்சுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். மண்டை ஓட்டின் மேல் களிமண் வைத்து அவள் முகத்தைச் செய்கிறார்கள். முதல் பாகத்தில் ஒரு கண்ணைத் தவிர நாம் பார்க்காத முகம். கடைசியில் அந்தக் களிமண் முகத்தோடேயே கிணற்றுச் சுவரில் ஏறி வந்து, நீ மட்டும் எப்படிப் பிழைத்துப் போகலாம் என்கிற மாதிரி இந்தப் பாகத்தின் நாயகி மாய் என்பவளிடம் கேட்கிறாள். முகத்தைக் காட்டியிருக்கக் கூடாது என்று எங்கள் ரூமில் பாதிப் பேர் சொன்னார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. 30 வருஷம் கிணற்றில் கிடந்தவள் வேறென்ன கேட்பாள்?

    

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது படத்தில் வரும் ஒகசாகி பற்றி. இவன் நிருபர். கேசட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று கனாயே என்ற பள்ளிக்கூடப் பெண்ணிடம் கேட்கிறான். அவள் நகல் கொண்டுவரும்போது, தானும் அதைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, நீங்கள் கட்டாயம் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவன் பார்த்தால்தான் அவள் பிழைப்பாள். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பயந்துபோய், கேசட்டை ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுகிறான். அந்தப் பெண் செத்துப்போகிறாள். அப்புறம் அவளைப் பேட்டி எடுத்த டேப்பை அழிக்கப் பார்க்கிறான். அதில் அவள் தலை முடியெல்லாம் பறக்க ஆடும் காட்சி ஒன்று இருக்கிறது, அதை நான் விவரிக்கப் போவதில்லை. மொத்தப் படமும் இவனைப் பற்றியே இருந்திருந்தால் முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும் என்பது என் கட்சி.

கொஞ்சம் சொந்தக் கதை. எங்கள் ரூமில் மூன்றாவது ஆள் ஒரு தென்காசிப் பையன், வேலை தேடி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சரியான இரண்டாம் பாகம் கிடைத்த அன்று, வேண்டாம் என்றவனை நான்தான் இழுத்து உட்காரவைத்தேன். படம் முடிந்ததும், "அண்ணே, இன்னொருத்தர் ஊருக்குப் போயிட்டாரு, நீங்க ராத்திரி ரூம்லதான இருப்பீங்க?" என்றான். "இருப்பேன்டா" என்றேன். ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் நண்பன் வந்து கூப்பிட்டான், செகண்ட் ஷோவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரூம் திறந்து கிடந்தது, லைட் எரிந்தது. அவன் கீழே வாட்ச்மேன் பெஞ்சில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

இதைப் பெரிய பாவம் என்று சொல்ல வரவில்லை, ஒரு படத்துக்கு இவ்வளவு பில்டப்பா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் முன்பு படத்தை மறுபடி பார்த்தபோது, டிராயர் மூடும் இடத்தில் நிறுத்திவிட்டு அவனுக்கு போன் போட்டேன். இப்போது ஊரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "அது கெடக்குண்ணே, அன்னைக்கு அப்பிடி என்ன படத்துக்குப் போனீங்க?" என்றான். எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை.

நீங்கள் பாருங்கள். ஒரு வாரம் விட்டு, ராத்திரியில், ஹெட்போன் போட்டு. கென்ஜி கவாயின் இசை பாதிப் படம். நீச்சல் குளம் வந்தால் எழுந்து போய் டீ போட்டுக்கொள்ளலாம், கிணறு வருவதற்குள் திரும்பிவிடுங்கள்.