பொங்கல் விடுமுறையில் நான்கு வயதுக் குழந்தையோடு ஒரே ஒரு நாள் கொச்சி போகிறோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கரையில் இருப்பதைவிடப் படகுதான் அந்த வயதுக் குழந்தைக்குப் பிடிக்கும். அதனால் எர்ணாகுளத்திலிருந்து பழைய நகரமான ஃபோர்ட் கொச்சிக்குப் போவதும் வருவதும் படகில் இருக்கட்டும். போன வழியிலேயே திரும்ப வேண்டாம். ஃபோர்ட் கொச்சிக்கு எதிரே உள்ள வைப்பின் தீவு வழியாகச் சுற்றி வாருங்கள்.

பொங்கலைத் தேர்ந்தெடுத்தது நல்லது. கேரளத்தில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகள் உட்பட ஆறு மாவட்டங்களுக்கு மட்டும்தான் அன்று உள்ளூர் விடுமுறை. எர்ணாகுளம் அந்த ஆறில் இல்லை, அங்கே அது சாதாரண வேலை நாள். காலையில் ஆபீஸ் கூட்டம் ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளத்துக்கு வரும், நீங்கள் எதிர்த்திசையில் போவதால் படகில் தாராளமாக இடம் இருக்கும். ஒரே சிக்கல், மகரவிளக்கும் அதே நாட்களில் வருவதால் ரயில்களில் ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருப்பார்கள். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். வேறு நாளில் போவதானால் டிசம்பர் 31ஐ மட்டும் தவிருங்கள். அன்றிரவு பப்பாஞ்ஞி என்ற பெரிய கிழவர் பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஃபோர்ட் கொச்சி முழுக்க ஜனம் நெரியும், குழந்தையோடு நிற்கவே முடியாது.

காலை எட்டு மணிக்குள் சுபாஷ் பூங்காவை ஒட்டியுள்ள மெயின் போட் ஜெட்டிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. கட்டணம் மிகக் குறைவு, பயணம் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஏறும்போதுதான் கவனம் வேண்டும். படகு ஜெட்டியின் டயர்களில் இடித்து ஒருமுறை பின்வாங்கும். ஊழியர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி இறுக்கிய பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்களே ஏறுங்கள். ஏற்ற வற்றத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் வரை மாறும், படகின் உயரமும் அதற்கேற்ப மாறும். அதனால் குழந்தையைக் கைமாற்றி வாங்குவது கூடாது. உள்ளே முன்பக்கம் உட்காருங்கள், எஞ்சின் சத்தம் குறைவாகக் கேட்கும். வழியில் வில்லிங்டன் தீவு தெரியும். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய தீவு அது. கிரேன்களும் கப்பல்களும் அருகிலேயே தெரிவதால் குழந்தைக்கு நேரம் போவதே தெரியாது.

இறங்கியதும் நேரே கரையோரச் சீன மீன்பிடி வலைகளுக்குப் போங்கள். தூரத்திலிருந்து போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், ஒரு வலை இறங்கி ஏறும் வரை நின்று பாருங்கள். ஒரு ஆள் பெரிய உத்தரத்தின் மேல் கடல் பக்கம் நடந்தாலே போதும், அவர் எடைக்கே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். மறுமுனையில் வெவ்வேறு நீளக் கயிறுகளில் பாறைக் கற்கள் தொங்கும். நாலைந்து பேர் கயிற்றை இழுத்து வலையைத் தூக்கும்போது அந்தக் கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்காரும். நான்கு வயதுக் குழந்தை அதை எண்ணிக்கொண்டே நிற்கும். கயிறு இழுக்கக் கூப்பிட்டால் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் மீன் வாங்கிச் சமைக்கச் சொல்வதானால் கிலோ விலை, சமையல் கூலி இரண்டையும் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து கடற்கரை நடைபாதை, குழந்தைகள் பூங்கா. காலையில் முகத்துவாரத்துப் பக்கம் கண் வைத்திருங்கள், டால்பின்கள் முதுகு காட்டிப் போவதுண்டு. பெரிய கப்பல்கள் கரையை ஒட்டியே போகும். ஆனால் தண்ணீரில் இறக்காதீர்கள். அது துறைமுக வாய், இழுப்பு அதிகம், கற்களும் உண்டு. செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் பத்து நிமிடம் போதும். 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் பெரியவர்களுக்கு. மேலே தொங்கும், கயிற்றால் இழுத்து ஆட்டும் துணி விசிறி குழந்தைக்கு.

மட்டாஞ்சேரி அரண்மனையையும் யூதர் ஆலயத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள். சுவரோவியங்கள் அருமையானவை, ஆனால் எதையும் தொடாமல் மெதுவாக நடக்கும் வயது இதுவல்ல. போயே ஆகவேண்டும் என்றால் அரண்மனைக்கு வெள்ளியும் ஆலயத்துக்குச் சனியும் விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். பதினொன்று முதல் மூன்று வரை புழுக்கம் தாங்காது. அந்த நேரத்தில் ஏசி உள்ள இடத்தில் சாப்பிட்டுத் தூங்க வையுங்கள். காரம் ஆகாத குழந்தைக்குப் புட்டும் நேந்திரம் பழமும் போதும். தள்ளுவண்டி வேண்டாம், நடைபாதை பல இடங்களில் பெயர்ந்திருக்கிறது.

மாலையில் ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ (மின்சாரப் படகுச் சேவை) வாசலில் நீண்ட வரிசை நிற்கும். ஒரு படகில் சுமார் நூறு பேர்தான், அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அந்த வரிசையில் சேராமல் அருகிலுள்ள ரோ-ரோ படகில் வைப்பினுக்குக் கடந்துவிடுங்கள். சில நிமிடப் பயணம்தான், ஆனால் லாரியும் காரும் பைக்கும் ஏறி இறங்குவதைக் குழந்தை வாய் பிளந்து பார்க்கும். வண்டிகள் முழுக்க இறங்கும் வரை ஓரமாக நில்லுங்கள். வைப்பினிலிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கு வாட்டர் மெட்ரோ உண்டு. இதன் மிதவை ஜெட்டி நீர்மட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதனால் காலைப் படகில் சொன்ன உயர வேறுபாடு இங்கே இல்லை. டெர்மினலில் கழிப்பறையும் உண்டு, ஏறுமுன் குழந்தையைக் கூட்டிப்போய்விடுங்கள். இங்கும் கூட்டம் என்றால் கோஸ்ரீ பாலம் வழியாக ஹைகோர்ட்டுக்குப் பஸ் கிடைக்கும்.

கோயம்புத்தூர் பக்கம் வரும் ரயில்கள் சில எர்ணாகுளம் ஜங்ஷனில் நிற்கும், சில டவுனில் மட்டும் நிற்கும். உள்ளூரில் அவற்றை சவுத், நார்த் என்பார்கள். ஆட்டோவில் ஏறும் முன் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். தவறான ஸ்டேஷனில் இறங்கினால் மாலை நெரிசலில் மற்றதற்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.