மொபைலில் எடுத்த படத்துக்குக் கல்லூரிக் குறும்படப் போட்டியில் மதிப்பெண் குறையுமா?

உங்களிடம் நல்ல கேமரா இல்லை, அதுதானே கவலை? மொபைல் என்பதற்காக நான் யாருக்கும் குறைத்ததில்லை. (எல்லாக் கல்லூரியிலும் இப்படியா என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். நான் நடுவராகப் போனது மூன்றே போட்டி.)

மும்பையில் எனக்கு எடிட்டிங் வேலை. போன வருடம் ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். கொடுத்த தாளில் கதை 30, இயக்கம் 20, ஒளிப்பதிவு 20, படத்தொகுப்பு 15, ஒலி 15.

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டுப் பையன்கள் ஒரு படம் கொண்டுவந்திருந்தார்கள். இட்லி விற்கிற வீடு, விடிகாலை. ட்யூப்லைட் காட்சியெல்லாம் பட்டை பட்டையாக மினுக்கியது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் அந்தக் கணக்கில்தான் மினுக்கும். கேமரா செட்டிங்கில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்துப் பூட்டியிருந்தால் பட்டை வந்திருக்காது. அதற்கு ஒளிப்பதிவில் வெட்டினேன். ஆனால் ஒலி! இன்னொரு மொபைலை ஏர்பிளேன் மோடில் போட்டு, இட்லிச் சட்டிக்குப் பின்னால் ஒளித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். "ஏலே, ஃபோன நோண்டுனது போதும், மாவ ஊத்து" என்று அந்த அம்மா திருநெல்வேலித் தமிழில் அதட்டியபோது வாய்விட்டுச் சிரித்தேன். மற்ற இரண்டு நடுவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மராத்தி, ஒருவர் குஜராத்தி. சப்டைட்டில் வெள்ளை எழுத்து, பின்னால் இட்லி ஆவி. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

நான் 78 போட்டேன். அவர்கள் 51, 48. சராசரி 59. மரைன் டிரைவ் அஸ்தமனத்தை விதவிதமாகக் காட்டி, மேலே பியானோ போட்ட படம் 66 வாங்கிப் பரிசைத் தட்டிப் போனது.

வசனத்தை நான் விளக்கியிருக்கலாம். தமிழன் தமிழ்ப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. புரியாத படத்தின் கதைக்கு என்னதான் போடுவார்கள்?

எனக்குக் கிடைத்தது ஒரு சால்வை, ஒரு கண்ணாடி ஷீல்டு. சயானுக்குத் தெற்கே ஆட்டோ போகாது. செம்பூரிலிருந்து டாக்சிக்குக் கொடுத்தது என் காசு. வழிச்செலவு என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சரி, விடுங்கள்.

நீங்கள் எழுத்துக்கு அடியில் கறுப்புப் பட்டை போடுங்கள். தமிழ் தெரியாத நண்பர் யாரையாவது புரொஜெக்டரில் பார்க்க வையுங்கள். மொபைல் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும்.

விழா முடிந்ததும் அந்தத் தாராவிப் பையன்களில் ஒருவன் வந்து, "அண்ணா, ஒலிக்கு எவ்வளவு போட்டீங்க?" என்றான். 14 என்றேன்.

"அந்த ஒண்ணு எதுக்குப் போச்சு?"

சட்னி அரைத்த மிக்ஸிக்கு.